சாந்தாமணி டீச்சரின் ஹுவான்

சாந்தாமணி டீச்சரின் வகுப்பில் அங்கப்பன் என்ற பெயரோடு வந்து சேர்ந்த பையன்களை டீச்சர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கருமத்தம்பட்டி வட்டாரத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் அப்போது விடாப்பிடியாக இருந்தது. அதனால் வருஷத்துக்கு ஒரு அங்கப்பனாவது வந்துவிடுவான். ஒரு வருஷம் மூன்று பேர் வந்தார்கள். அந்த வருஷம் முழுக்க வருகைப் பதிவேட்டில் 'ரோல் நம்பர் ஒண்ணு, ரெண்டு, மூணு' என்றுதான் டீச்சர் தொடங்குவார். பெயர்கள் நாலாவது ஆளிலிருந்துதான் வரும். புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் இதென்ன முறை என்று கேட்டபோது டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். பியூன் அரங்கசாமிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சரு ஊட்டுக்காரர் பேரு அதுங் சார்" என்றார்.

இத்தனைக்கும் டீச்சர் விவரம் தெரியாதவர் அல்ல. முப்பத்தோரு வருஷம் ஆங்கிலம் நடத்தியவர். அவருடைய ஆங்கிலம் கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். பெட்ரோல் பங்க் போர்டில் ஒரு எழுத்து பிசகியிருந்தால் ஸ்கூட்டியை நிறுத்தி, மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவார். பேங்க் பாரம், ரேஷன் கார்டு, ஆதார் எதிலும் கணவர் பெயரைத் தடுமாறாமல் எழுதுவார். எழுதினால் தோஷமில்லை. வாயால் சொன்னால்தான் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்று மாமியார் காதோடு சொல்லியிருந்தார். டீச்சர் அதை நம்பவில்லை. நம்பாமலேயே முப்பத்தினாலு வருஷம் கடைப்பிடித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கப்பனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதைக்கூட விட்டுவிட்டார். எதற்கு வம்பு?

ஆகவே வீட்டில் 'ஏனுங்க' தான். அதிலும் ஒரு கஷ்டம் இருந்தது. வீட்டை ஒட்டிய குடோனில் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று நின்று அங்கப்பனுக்குக் காது மந்தம். குக்கர் ஏழு விசில் அடித்தாலும் நிமிரமாட்டார். போதாக்குறைக்கு அந்த வீதியில் எல்லாப் பெண்களும் ஏனுங்க என்றுதான் புருஷனைக் கூப்பிடுகிறார்கள். கேட்கிற கொஞ்ச நஞ்சத்தையும் அடுத்த வீட்டுக்காரனுக்கு என்று விட்டுவிடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. டீச்சர் நாலு தரம் கூப்பிட்டுப் பார்ப்பார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை மேஜைமேல் டங்கென்று வைப்பார். அது கேட்கும்.

டீச்சர் ஓய்வு பெற்ற மறுவருஷம் பெங்களூரிலிருந்து மகள் நந்திதா போனில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். கொலம்பியாவில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலையூரில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கு ஆங்கிலம் கற்றுத்தர ஒரு பள்ளி வருஷத்துக்கு, அதாவது பத்து மாதத்துக்கு, ஆசிரியர் தேவை. ஓய்வு பெற்றவர்களும் வரலாம். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. ஆனால் ஊர் மக்களோடு பழகுகிற அளவுக்கு ஸ்பானிஷ் பேசத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு நேர்முகத் தேர்வு.

டீச்சர் அதை ஏழெட்டுத் தரம் படித்தார். முப்பத்தோரு வருஷமாகப் பாடப் புத்தகத்தில் கப்பலும் பனியும் எரிமலையுமாக நடத்தியவர். நேரில் பார்த்தது பாம்பன் பாலம் வரைக்கும்தான். பனி எப்படி இருக்கும் என்று ஒரு பையன் கேட்டபோது வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொல்லி அனுப்பியதை நினைத்து இன்றைக்கும் அவருக்கு வெட்கமாக இருக்கும். ஒரே ஒரு தரம், பார்த்துவிட்டு வந்து சொல்கிறவராக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அங்கப்பனிடம் கேட்டார். அவர் நூல் உருளையைக் கையில் வைத்துக்கொண்டே, "போயிட்டு வா அம்மணி" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. பக்கத்திலிருக்கும் சோமனூர் என்று நினைத்திருக்கலாம்.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்றுத்தரும் தடிப் புத்தகம் ஒன்று வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வாத்தியாரும் கிடைத்தாள். ஹிமெனா என்று பெயர். கொலம்பியாக்காரி, இருபத்தாறு வயது. இங்கே காலை ஆறரை மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டு மணி. அந்த நேரத்திலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். ரொம்ப நாள் வரைக்கும் டீச்சரின் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பதாக ஹிமெனா நினைத்துக்கொண்டிருந்தாள். என்னை மரியாதை இல்லாமல் சும்மா 'நீ' என்றே கூப்பிடுங்கள் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். டீச்சருக்கு வாய் வரவில்லை. கன்றுக்குட்டியையே வாங்க சாமி என்று கூப்பிடுகிற ஊர். கற்றுத்தருகிறவளை எப்படி ஒருமையில் பேசுவது?

மற்ற நேரத்தில் பேசிப் பழக ஆள் இல்லை. அதனால் டீச்சர் சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "நான் வெங்காயம் நறுக்குகிறேன். வெங்காயம் என்னை அழவைக்கிறது. நான் கடுகு போடுகிறேன். ஐயோ, கடுகு கண்ணில் தெறிக்கிறது." எல்லாம் ஸ்பானிஷில். பால் வாங்க வரும் பக்கத்து வீட்டுக் கனகம் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதல் வாரம் கவலைப்பட்டாள். இரண்டாம் வாரத்திலிருந்து ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்தாள்.

நாலாவது பாடம் 'என் குடும்பம்'. அங்கேதான் வண்டி சேற்றில் இறங்கியது.

"கோமோ சே யாமா சு மரிதோ?" என்று ஹிமெனா கேட்டாள். உங்கள் கணவர் பெயர் என்ன?

டீச்சர் தண்ணீர் குடித்தார். பிறகு, "நந்திதாவின் அப்பா" என்றார்.

ஹிமெனா சிரித்தமுகமாக, "சரி, நந்திதாவின் அப்பா பெயர் என்ன?" என்றாள்.

"சுரேந்தரின் அப்பாவும் அவர்தான்" என்றார் டீச்சர். சுரேந்தர் மூத்த மகன், ஓசூரில் வேலை.

ஹிமெனாவின் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தி, "செனோரா, நீங்களும் அவரும் இப்போது சேர்ந்துதான் இருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. திறந்திருந்த புத்தகத்தில் ஒரு மீசைக்காரர் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். படத்துக்குக் கீழே 'இவர் ஹுவான்' என்று போட்டிருந்தது.

"ஹுவான்" என்றார் டீச்சர்.

ஒரு பொய்தான். ஆனால் சொன்ன பிறகு நடந்தது டீச்சர் எதிர்பாராதது. மறுநாள் ஹுவான் என்ன வேலை செய்கிறார் என்று ஹிமெனா கேட்டாள். துணி நெய்கிற பன்னிரண்டு இயந்திரம் வைத்திருக்கிறார் என்று டீச்சர் சொன்னார். அதற்கடுத்த நாள் ஹுவானுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். ஹுவானுக்குக் கொள்ளுப் பருப்பும் வெயிலும் பிடிக்கும், என் பேச்சைக் கேட்கப் பிடிக்காது என்றார் டீச்சர். ஹிமெனா விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து டீச்சரின் ஸ்பானிஷ் மடை திறந்துவிட்டது. வீட்டுக்காரரைப் பற்றி வாயைத் திறந்து ஒரு குறை சொல்லாதவர், ஹுவானைப் பிய்த்து உதறினார். ஹுவான் குறட்டை விடுகிறார். ஹுவான் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறார். முப்பத்தினாலு வருஷத்தில் ஹுவான் ஒரு நாளாவது சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னதுண்டா? கோபம் வந்தால் தமிழில் இலக்கணம் போகும். டீச்சருக்கு ஸ்பானிஷில் கோபம் வரும்போதுதான் இலக்கணம் சரியாக வந்தது.

ஒரு நாள் 'கடந்த காலம்' என்ற பாடம். டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். நாற்பது நாள் ஹுவான் மொபெட்டில் தூக்குப்போசி மாட்டிக்கொண்டு கஞ்சி கொண்டுபோனார். ஒரு நாள் மழை. ஹுவான் நனைந்தார். கஞ்சி நனையவில்லை." இதை டீச்சர் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை, அங்கப்பனிடமும் சொன்னதில்லை. இந்த ஹுவான் நல்ல மனிதர் என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

எட்டு மாதம் ஆனது. ஹிமெனா பள்ளிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினாள். டீச்சரின் உழைப்பு, நினைவாற்றல், உச்சரிப்பு எல்லாவற்றையும் வானளாவப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் அன்பு மேலிட்டு ஒரு வரி சேர்த்தாள்: 'அவர் தன் கணவர் ஹுவானைப் பற்றிப் பேசுவதைக் கேட்டாலே போதும், அவருடைய மொழித்திறமை தெரியும்.'

பத்து நாளில் பள்ளியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பணிவான ஆங்கிலம். விண்ணப்பத்தில் கணவர் பெயர் அங்கப்பன் என்று இருக்கிறது. பரிந்துரையில் ஹுவான் என்று இருக்கிறது. எங்களுடையது சமய நிறுவனம் என்பதால், நேர்முகத்தில் தங்கள் திருமண நிலையைத் தாங்களே வாய்மொழியாகத் தெளிவுபடுத்தினால் நன்று.

அறுபத்தோரு வயதில், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கு, இரண்டு புருஷன்காரியாக விண்ணப்பித்த ஒரே கொங்கு நாட்டுப் பெண் தானாகத்தான் இருக்கும் என்று டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் அங்கப்பன் வழக்கத்துக்கு மாறாக, தட்டு டங்கென்று விழுவதற்கு முன்பே மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதில் நிறுத்தினார்.

"அந்த ஹுவானுங்கறவரும் அங்க வராருங்களா?"

யாரோ முன்பின் தெரியாத ஆளுக்கு அவர் மரியாதை கொடுத்துப் பேசியதுதான் டீச்சருக்கு என்னவோ செய்தது. "யாருங்க சொன்னது?"

"கனகம் சொல்லுச்சு. தினமும் வெடியால அவரப் பத்தித்தான் பேசறீங்களாமா. சிரிக்கறீங்களாமா." அவர் கோபமாக இருக்கும்போது மனைவியை 'ங்க' போட்டுப் பேசுவார்.

"ஏனுங்க, அது நீங்கதானுங்க."

"நானா?"

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அங்கப்பன் மந்தக் காதைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டார். கேட்டு முடித்து, நிறுத்திய இட்லியைச் சாப்பிட்டார். "அதுக்கு நம்மூருப் பேரா ஒண்ணு வெச்சிருக்கலாமல்லொ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மீசை இருக்குதா அவனுக்கு?" என்றார்.

"இருக்குதுங்க."

"எம் பேரச் சொல்லிப்போடு அம்மணி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"மாட்டேனுங்க" என்றார் டீச்சர். அவருடைய கண் தன்னையறியாமல் அங்கப்பனின் சட்டைப் பையைப் பார்த்தது. பைக்குப் பின்னால்தான் ஸ்டென்ட் இருந்தது.

ஆனாலும் பழகிப் பார்த்தார். அங்கப்பன் வெளியே போன நேரமாகப் பார்த்துக் கண்ணாடி முன் நின்றார். முதல் எழுத்தோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை 'கூச்சப்படாதே, வாயைத் திறந்து சொல்லு' என்று அதட்டியவர், கண்ணாடியில் தன் வாயைப் பார்த்து அழாத குறையாக நின்றார்.

நேர்முகத் தேர்வு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு. அங்கே காலை எட்டு. ஆறு மணிக்கு யாரும் எதிர்பாராத ஒரு காரியம் நடந்தது. தறி நின்றது. தீபாவளிக்கும் கரண்ட் இல்லாத நேரத்துக்கும் தவிர நிற்காத தறி. பன்னிரண்டையும் அங்கப்பனே போய் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, "அவிய பேசறது உனக்குக் கேக்கோணுமல்லொ" என்று சொல்லிக்கொண்டே பால் கறக்கப் போனார். மாட்டுக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால், இரண்டு சுவர் தாண்டி இருந்தது. வீட்டில் அப்படியொரு அமைதியை டீச்சர் கேட்டதே இல்லை.

திரையில் இரண்டு பேர். ஒருவர் பள்ளித் தலைமைச் சகோதரி பியெதாத், எழுபது வயதுக்கு மேல், தடித்த கண்ணாடி. இன்னொருவர் அலுவலகக்காரர், கையில் காகிதம். சகோதரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் டீச்சர் பொளந்து கட்டினார். எப்படிச் சமைப்பீர்கள், குழந்தைகள் குறும்பு செய்தால் என்ன செய்வீர்கள், ஏன் எங்கள் ஊருக்கு வர வேண்டும்? கடைசிக் கேள்விக்கு பனியைப் பார்க்க ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொன்ன கதையைச் சொன்னார். சகோதரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அலுவலகக்காரர் சிரிக்கவில்லை. "செனோரா, உங்கள் கணவர் ஹுவானா, மற்றவரா?"

"இருவரும் ஒருவர்தான்" என்றார் டீச்சர். எங்கள் ஊரில் மனைவி கணவரின் பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள், நான் நம்புவதில்லை, ஆனால் அவருக்கு இதயத்தில் ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது என்று மூச்சு வாங்க விளக்கினார். கல்யாணப் பத்திரிகையைக் கேமரா முன் தூக்கிக் காட்டி, பெயரின் கீழே விரலை வைத்தார்.

சகோதரி தலையசைத்தார். அலுவலகக்காரர் மட்டும், "எனக்குப் புரிகிறது. ஆனால் பதிவுக்காக ஒரு முறை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அது விதி" என்றார். எந்த ஊரிலும் அலுவலகக்காரர் அலுவலகக்காரர்தான்.

டீச்சர் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார். பாம்பன் பாலம் நினைவுக்கு வந்தது. மூன்று அங்கப்பன்கள் பேர் இல்லாமல் நின்ற வகுப்பு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். தனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

"மி மரிதோ சே யாமா... அங்கப்பன்."

பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில் ஏதோ தடாலென்று உருண்டது.

"வாரேன்! இரு, வாரேன்!"

குக்கருக்குத் திரும்பாத காது. ஏனுங்கவுக்கு அசையாத ஆள். ஒரு கையில் பால் செம்போடு, மறு கையில் மடித்துக் கட்டிய வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கால் முட்டி வலியையும் மறந்து ஓடி வந்து கேமராவுக்கு நேராக நின்றார். "என்னாச்சு அம்மணி? கூப்ட்டியா?"

டீச்சர் முதலில் அவருடைய நெஞ்சைப் பார்த்தார். மேலும் கீழும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிறகு திரையில் சகோதரி யார் இவர் என்று கேட்பது காதில் விழுந்தது.

"இவர்தான் ஹுவான்" என்றார் டீச்சர்.

அலுவலகக்காரர்கூடச் சிரித்துவிட்டார். சகோதரி இரண்டு கையையும் ஆட்டி, "புவேனோஸ் தியாஸ், தோன் ஹுவான்!" என்று காலை வணக்கம் சொன்னார். அங்கப்பன் பால் செம்பைச் சாயாமல் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கும்பிட்டு, "வணக்கமுங்க. பால் குடிக்கறீங்களா?" என்றார். டீச்சர் அதை மொழிபெயர்த்தார். அந்த நேர்முகத்தில் அவர் பிழையில்லாமல் சொன்ன வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த இரண்டு நாள் டீச்சர் மணிக்கொரு தரம் அங்கப்பனுக்கு பி.பி. பார்த்தார். கருவியின் பட்டை பட்டு அவர் கை சிவந்ததுதான் மிச்சம். "ஒண்ணும் ஆகலை, உடு" என்றார் அங்கப்பன். ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் குடோன் பக்கம் அதிகம் போகவில்லை. நன்றாக இருந்த சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினார். ஆடாத கதவுக்குத் திருகு முறுக்கினார். எங்கே வேலை பார்த்தாலும் நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படியாகவே உட்கார்ந்தார். டீச்சர் எப்போதும்போல ஏனுங்க, ஏனுங்க என்று நாலு தரம் கூப்பிட்டுவிட்டுத் தட்டை வைத்தார். அங்கப்பனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. ஜனவரியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் சிரித்தார், பிறகு அழுதார், நந்திதாவுக்கும் சுரேந்தருக்கும் ஹிமெனாவுக்கும் சொன்னார். கனகம் வீதி முழுக்கச் சொன்னாள். அங்கப்பன் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார். இந்த முறை எங்கே என்று விசாரித்தார். எத்தனை மாதம் என்றும் கேட்டார். பத்து மாதம் என்றதும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பெட்டி கட்டிய அன்றைக்குச் சாயங்காலம் அவரே தேடிக்கொண்டு வந்தார். டீச்சர் புத்தகங்களைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கப்பன் வாசற்படியில் நின்று, பெட்டியைப் பார்ப்பதுபோல வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்கிருந்து போன் பண்றப்ப பேரச் சொல்லியே கூப்புடு அம்மணி. ஏனுங்கன்னா எனக்குக் காது கேக்கறதில்ல."